நானே கேட்டு வாங்கிய பட்டியல்

மார்ச் 3

தங்கச்சிக்கு,

போன திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வேளாண்மை அலுவலக வாசல் சுவரில் மானியப் பட்டியலை ஒட்டினார்கள். மொத்தம் பதினான்கு தாள். ஒன்பதாவது தாளில் என் பெயர் இருக்கிறது. பெயருக்கு நேரே மூன்று ஏக்கர், புல எண் 118/2, ஏழு வருடத் தொகை, ஒவ்வொரு தவணையும் வங்கியில் விழுந்த தேதி. அந்த மூன்று ஏக்கரில் பாதி உன்னுடையது. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். சுவருக்கு இன்னும் தெரியாது.

இணையத்திலும் ஏற்றிவிட்டார்களாம். செவ்வாய்க்கிழமை மாலையிலிருந்து என் போனை நீ எடுக்கவில்லை. அதிலிருந்து நீயும் பார்த்துவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன். அதனால்தான் கடிதம். போனை வைத்துவிடலாம், கடிதத்தை யாரும் பாதியில் வைப்பதில்லை.

உனக்குச் சிரிப்பு வரும். அந்தப் பட்டியலை ஒட்ட வைத்ததே நான்தான். ஒன்றரை வருடம் அலைந்து, விதை உர வியாபாரிகள் சங்கத்தின் பெயரில் நான்கு மனு போட்டு வாங்கியது. நியாயத்துக்காகப் போராடினேன் என்று சொன்னால் நானே நம்ப மாட்டேன். எல்லாம் ஆலைக்காரரால் வந்தது. நிலம் வைத்திருப்பவருக்கு ஏக்கருக்கு ஆறாயிரம் அரசாங்கம் வருடா வருடம் போடுகிறது. விதைத்தாயா இல்லையா என்று கேட்பதில்லை. ஆனால் ஒரு ஆளுக்குப் பத்து ஏக்கருக்கு மேல் கிடையாது. இவரிடம் இருநூற்றுப் பன்னிரண்டு ஏக்கர். மூட்டை தூக்குகிறவர், லாரி ஓட்டுகிறவர், வீட்டுச் சமையல்காரர் என்று இருபத்திரண்டு பேர் பெயரில் பிரித்து வாங்குகிறார். வங்கிப் புத்தகமெல்லாம் ஆலையின் இரும்புப் பெட்டியில். அந்தக் காசில் உர மூட்டையை என் கொள்முதல் விலைக்கும் கீழே விற்கிறார். என் கடை நிற்க வேண்டுமென்றால் அவர் வாங்குவது வெளியே தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் பெயரும் தொகையும் மட்டும் போடுவதாக இருந்தார்கள். நான்தான் விடவில்லை. “பேரு போட்டா போதுங்களா? பேருக்குப் பின்னாடி எந்த நிலம்னு தெரிய வேணாமா? புல எண் போடுங்க. எப்போ எப்போ பணம் போச்சுன்னு தேதியும் போடுங்க” என்று மேசையைத் தட்டிக் கேட்டேன். போட்டுவிட்டார்கள். என் பெயருக்கும் சேர்த்து.

நேற்று ஆலைக் கணக்காளன் கடைக்கு வந்தான். ஒரு கிலோ விதை கூட வாங்காமல் அரை மணி நேரம் உட்கார்ந்தான். “முதலாளி, 118/2க்கு வாரிசு ரெண்டு பேருன்னு பதிவேட்ல இருக்கு. நீங்க மனுவ வாபஸ் வாங்குங்க, நாங்க அந்த நம்பர மறந்துர்றோம்” என்றான். ஏப்ரல் 2ஆம் தேதி பொது விசாரணை. நான் போய் மனுவுக்குச் சாட்சி சொல்ல வேண்டும். சொன்னால் இவன் பதிவேட்டை எடுத்து நீட்டுவான். மனுவும் போகும், கடையின் பெயரும் போகும்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். ‘என் பங்குக்கும் சேர்த்து அண்ணன் மானியம் வாங்கிக்கொள்ளச் சம்மதம்’ என்று எழுதியிருக்கிறது. ஏழு வருடத்துக்கு முந்தைய தேதி. கடையில் கிடந்த பழைய தாள், பழைய மை, யாரும் கண்டுபிடிக்க முடியாது. கையெழுத்துப் போட்டு அனுப்பு. மற்றதை நாம் பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

மாப்பிள்ளைக்கு முதுகு எப்படி இருக்கிறது?

அண்ணன்


மார்ச் 9

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பட்டியலை நான் செவ்வாய்க்கிழமை மதியம் ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். பக்கத்து வார்டு ஆயா தன் கொழுந்தன் பெயரைத் தேடித் தரச் சொன்னாள். தேடிக்கொண்டே போனபோது 118/2 கண்ணில் பட்டது. அப்பாவின் வரி ரசீதில் எல்லாம் அந்த எண்ணை எழுதியது நான்தான். பெயரைப் பிறகுதான் பார்த்தேன்.

தொகையைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்த கட்டத்தைப் பார்த்தேன், தேதிக் கட்டம். நீங்கள் மேசையைத் தட்டி வாங்கியது.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஜூலை 11ஆம் தேதி உங்களுக்குப் பதினெட்டாயிரம் வந்திருக்கிறது. அவருக்கு முதுகு அறுவை சிகிச்சைக்கு இருபதாயிரம் வேண்டும், நிலத்திலிருந்து ஏதாவது வந்ததா என்று நான் எழுதியது ஜூலை 15. நீங்கள் ஐயாயிரம் அனுப்பினீர்கள். கூடவே நான்கு வரி. ‘நிலத்திலிருந்து ஒன்றும் வருவதில்லை. என்னால் முடிந்தது இவ்வளவுதான். ரசீதில் கையெழுத்திட்டு அனுப்பவும். வசதிப்படும்போது திருப்பித் தரவும்.’ கையெழுத்திட்டு அனுப்பினேன். மாதம் ஆயிரமாக ஐந்து மாதத்தில் கட்டி முடித்தேன். கடைசித் தவணைக்கு என் கம்மலை அடகு வைத்தேன். அது உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டும் என்றும் நினைக்கவில்லை.

அந்தப் பதினெட்டில் ஒன்பது என்னுடையது. என் பணத்தில் ஐயாயிரத்தை எடுத்து எனக்கே கடன் கொடுத்து, என்னிடமே திருப்பி வாங்கியிருக்கிறீர்கள். வியாபாரத்தில் இதற்கு ஏதாவது பெயர் இருக்கும்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை, எப்படித் தெரியும்.

உங்கள் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்து இல்லை. தாளும் மையும் பழையதுதான். மடிப்பு மட்டும் புதிது. நான் நாளெல்லாம் மருந்துப் பெட்டியில் தேதி பார்க்கிறவள்.

அவர் முதுகில் பட்டை கட்டிக்கொண்டு நடக்கிறார். கேட்டதற்கு நன்றி.

தங்கை


மார்ச் 14

தங்கச்சிக்கு,

‘உங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். நாற்பது வருடத்தில் நீ என்னை நீங்கள் என்று சொன்னதில்லை. சண்டையில் என்னை நாயே பேயே என்று கூடச் சொல்லியிருக்கிறாய், இவ்வளவு சுட்டதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் பொய் சொல்லவில்லை. அந்த வருடம் நிலம் தரிசு. நிலத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. அரசாங்கத்திலிருந்து வந்தது. இரண்டும் வேறு. நீ நிலத்தைப் பற்றித்தான் கேட்டாய், நான் நிலத்தைப் பற்றித்தான் பதில் எழுதினேன்.

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் எனக்கே கேவலமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரியை அடிக்கவில்லை. அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் அதுதான், அது உனக்குத் தெரியட்டும்.

பேச்சு எதற்கு, கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். ஏழு வருட மானியம் ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம். உன் பாதி அறுபத்து மூவாயிரம். கிணறு ஆழப்படுத்திய செலவு நாற்பதாயிரத்தில் உன் பாதி இருபது. கம்பி வேலியில் நான்கு. நிலவரியில் ஆயிரத்து ஐம்பது. மனு, நகல், பேருந்துக்கு முந்நூற்றைம்பது. என் அலைச்சலுக்குக் கூலி போடவில்லை. கழித்தால் முப்பத்தேழாயிரத்து அறுநூறு. வங்கியில் வரைவோலைக்குக் கமிஷன் அறுபது பிடித்தார்கள். முப்பத்தேழாயிரத்து ஐந்நூற்று நாற்பதுக்கு வரைவோலை இத்துடன். சம்மதத் தாளையும் மறுபடி வைத்திருக்கிறேன். இந்த முறை இரண்டு நாள் என் சட்டைப் பையில் கிடந்த மடிப்பு.

கடையில் இப்போது ஒரே வேடிக்கை. காலையிலிருந்து ஆட்கள் அலுவலகச் சுவரின் முன்னால்தான் நிற்கிறார்கள். ஒருவரும் முதலில் தன் பெயரைத் தேடுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் பெயரைத்தான் தேடுகிறார்கள். ஆலையில் மூட்டை தூக்குகிற ஒருவர், அறுபது வயது இருக்கும், தனக்கு ஒன்பதரை ஏக்கர் இருப்பதைச் சுவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். நேரே என் கடைக்கு வந்து, “முதலாளி, நான் என்ன விதைக்கலாம்?” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அண்ணன்


மார்ச் 20

அண்ணனுக்கு,

வரைவோலையைத் திருப்பி அனுப்புகிறேன். கிழிக்கவில்லை. கிழித்தால் மறுபடி எடுக்க இன்னும் அறுபது ஆகும், அதையும் என் பங்கில் கழிப்பீர்கள்.

கணக்கு எழுதிய தாளை இரண்டு தடவை படித்தேன். கிணற்றுச் செலவு இருக்கிறது. கிணறு ஆழமான பிறகு நான்கு போகம் மக்காச்சோளம் எடுத்தீர்கள் என்று போன வருடம் அண்ணி பேச்சுவாக்கில் சொன்னாள். அந்த நான்கு போகத்தில் என் பாதி எந்தக் கட்டத்தில் இருக்கிறது? செலவில் பங்காளி, வரவில் விருந்தாளியா?

இதை எழுதும்போதுதான் இன்னொரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களிடம் வந்த கணக்காளர் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கும் வந்தார். மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். “அம்மா, கூடப் பொறந்த பொறப்பே இப்படி ஏமாத்தினா மத்தவங்கள என்ன சொல்றது” என்று தொடங்கினார்.

என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடியே சொன்னார்: “சார், எங்க மச்சானத் திட்டுறதுக்கு இந்த வீட்ல ஏற்கெனவே ஆள் இருக்கு. நீங்க விலைய மட்டும் சொல்லுங்க.”

என் ஒன்றரை ஏக்கருக்கு நான்கு லட்சம் தருவார்களாம். ஒரே தவணையில். அதோடு, விசாரணையில் ‘என் சம்மதம் இல்லாமல் என் அண்ணன் எடுத்தார்’ என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். பொய் ஒன்றும் இல்லை, உண்மையைத்தான் எழுதப் போகிறேன் என்று அவரே எனக்கு எடுத்துச் சொன்னார். பத்து நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

நீங்கள் பொய்க்குக் கையெழுத்துக் கேட்கிறீர்கள். அவர்கள் உண்மைக்கு விலை கொடுக்கிறார்கள். இரண்டில் எது மோசம் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். நான்கு லட்சம் வந்தால் மாடி ஏறாத வீட்டுக்குப் போகலாம். அவர் வருடத்தில் நான்கு தடவைதான் கீழே இறங்குகிறார்.

எனக்கு நிலத்தின் விலை தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே வியாபாரி நீங்கள்தான். அதனால் உங்களையே கேட்கிறேன். நான்கு லட்சம் நியாயமான விலையா?

தங்கை


மார்ச் 25

தங்கச்சிக்கு,

முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். எதிராளியிடமே வந்து விலை விசாரிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. உன் கடிதம் கையில் வந்து மூன்று நாள் ஆகிறது. கல்லாவில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். உன் அண்ணி பார்த்துவிட்டு, “அது என்ன, அடகுச் சீட்டா?” என்றாள். ஏறக்குறைய அதுதான்.

பதில் சொல்கிறேன். இன்றைய சந்தையில் அந்தப் பக்கம் ஏக்கர் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். ஒன்றரைக்கு மூன்று அறுபது. நான்கு என்பது நாற்பதாயிரம் கூடுதல். யாரைக் கேட்டாலும் நல்ல விலை என்றுதான் சொல்வார்கள்.

விற்காதே.

அதற்குக் காரணத்தையும் எழுதுகிறேன். இதை எழுதுவதற்குத்தான் மூன்று நாள் ஆனது. நிலத்தின் மேற்கு எல்லையை ஒட்டி நான்கு வழிச் சாலை வருகிறது. அளக்கிற ஆள் என்னிடம்தான் வீட்டுத் தோட்டத்துக்கு விதை வாங்குவான், ஐந்து மாதத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டான். கல் நட்டுவிட்டால் ஏக்கர் ஆறு லட்சத்துக்குக் குறையாது. ஆலைக்காரருக்கும் தெரிந்திருக்கும், இல்லையென்றால் நாற்பதாயிரம் கூட்டித் தருகிற ஆளா அவர்? அடுத்த வருடம் மூன்று லட்சத்துக்கு உன் பாதியைக் கேட்கலாம் என்று நானும் மனதில் வைத்திருந்தேன். ‘தங்கச்சி, உனக்கும் பணத் தேவை இருக்கிறது, வெளியாளுக்குப் போவானேன்’ என்று எப்படித் தொடங்குவது என்பது வரைக்கும் யோசித்தாகிவிட்டது.

மக்காச்சோளத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன், பார். ‘மறந்துவிட்டேன்’ என்று எழுதியிருந்தேன். மறக்கவில்லை. அதனால் அடித்தேன்.

அந்த ஐயாயிரத்தையும் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் வந்த அன்று பதினெட்டாயிரமும் வங்கியில் அப்படியே இருந்தது. கொடுத்திருக்கலாம். இருபது கொடுத்தால் ‘இவ்வளவு எங்கிருந்து வந்தது’ என்று கேட்பாய். ஐயாயிரம் என்றால் கேள்வி வராது. கேள்வி வராத தொகை எவ்வளவு என்று யோசித்துத்தான் அனுப்பினேன். ரசீது வாங்கியது பழக்கம். கடைப்படியில் யார் கை நீட்டினாலும் சீட்டு எழுதுகிற கை இது. தங்கச்சி என்று கைக்குத் தெரியவில்லை என்று சொல்லலாம். எனக்குத் தெரியும்.

கம்மலைப் பற்றி எழுதியிருக்க வேண்டாம். இல்லை, எழுதியது நல்லதுதான்.

நீ விற்றாலும் நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். மாடிப்படி உன் வீட்டில்தான் இருக்கிறது. சம்மதத் தாளை இனி அனுப்பவில்லை. ஏப்ரல் 2ஆம் தேதி என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மனுவை வாபஸ் வாங்கினால் கடை இரண்டு வருடத்தில் மூடும். வாங்காவிட்டால் இரண்டே நாளில் மானம் போகும்.

அண்ணன்


மார்ச் 29

அண்ணனுக்கு,

கணக்காளரிடம் நிலம் விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். எழுதியும் கொடுக்கவில்லை. “அண்ணன் ஏதாச்சும் கூடப் போட்டுக் கேட்டுட்டாரா?” என்றார். விலை சொன்னார், அவ்வளவுதான் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

உங்களுக்காகவும் நான் எதிலும் கையெழுத்துப் போடப் போவதில்லை. அது உங்களுக்கே தெரிந்துவிட்டது.

எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. காலாவதியான மருந்துப் பெட்டி ஏதாவது அலமாரியின் பின்பக்கம் கிடப்பதை நானே கண்டுபிடித்தால் சிவப்பு மையில் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். யார் கண்ணில் படாமல் கிடந்தது, எத்தனை மாதம் என்பது உட்பட. தணிக்கை அதிகாரி வருவதற்கு முன்னால் நாமே எழுதினால் அதற்குப் பெயர் நஷ்டம். அவர் வந்து எடுத்து எழுதினால் குற்றம். பெட்டி என்னவோ ஒரே பெட்டிதான்.

வேறு எழுத ஒன்றும் இல்லை.

தங்கை


ஏப்ரல் 4

தங்கச்சிக்கு,

விசாரணையில் நீ கடைசி வரிசையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்க்கவில்லை என்று நினைக்காதே. முடிந்து திரும்பியபோது நாற்காலி காலி. மூன்றரைப் பேருந்தைப் பிடித்திருப்பாய். நான்கு மணி நேரம் பயணம் செய்து வந்து, அண்ணன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போயிருக்கிறாய். அண்ணி என்னைத்தான் திட்டினாள்.

நீ எந்த நேரத்தில் எழுந்து போனாய் என்று தெரியவில்லை, அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

அதிகாரி அம்மா என் மனு எண்ணைக் கூப்பிட்டார். எழுந்தேன். கணக்காளன் முன்வரிசையில் மடியில் ஃபைலோடு. “சொல்லுங்க, ஆலை பத்தின புகார் என்ன?” என்றார் அதிகாரி அம்மா. “அம்மா, ஆலை அப்புறம். முதல்ல ஒன்பதாவது தாள எடுங்க” என்றேன். எடுத்தார். “118/2. அதுல இருக்குறது என் பேரு. மூணு ஏக்கர்ல ஒன்றரை என்னது, ஒன்றரை என் தங்கச்சியோடது. அவகிட்ட கேக்காம, சொல்லாம ஏழு வருஷமா அவ பங்குக்கும் நான்தான் வாங்கினேன். யாரும் புகார் குடுக்கல, நானே சொல்றேன். எழுதிக்குங்க.”

பின்னாலிருந்து ஒருவன், “அட, திருடனே திருடனப் பிடிச்சுக் குடுக்கிறாரு” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் திரும்பி, “ஆமாய்யா, வேற யாருக்குத் தெரியும் எங்க ஒளிச்சு வைப்பாங்கன்னு” என்றேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். அதிகாரி அம்மா கூட பேனாவைக் கடித்துக்கொண்டார். கணக்காளன் கடைசி வரைக்கும் ஃபைலைத் திறக்கவில்லை. அதன் மேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தான், சூடு ஆறிப்போன டிபன் பெட்டியின் மேல் வைத்திருப்பது மாதிரி.

அதன் பிறகுதான் அந்த மூட்டை தூக்குகிறவர் எழுந்தார். அவரை நான் கூப்பிடவில்லை, சத்தியமாக. “எனக்கு ஒன்பதரை ஏக்கர் இருக்குதுன்னு சுவத்துல போட்டிருக்கு. என் வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். ஒருநாள் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்கிறா. எனக்கு வழி தெரியாது. முதலாளி, எங்க இருக்குன்னு சொன்னீங்கன்னா நடந்தே போயிருவோம்” என்று ஆலைக்காரரைப் பார்த்துச் சொன்னார். கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியவில்லை. ஆலைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூட்டைக்காரருக்குப் பிறகு சமையல்காரர் எழுந்தார், லாரிக்காரர் எழுந்தார்.

இருபத்திரண்டு பேருடைய பணத்தையும் நிறுத்தி வைத்து மேல் விசாரணைக்கு அனுப்பியிருக்கிறார்கள். எனக்குத் தீர்ப்பு அன்றைக்கே. உன் பங்குக்கு வாங்கிய அறுபத்து மூவாயிரத்தையும் அரசாங்கத்துக்கே திருப்பிக் கட்ட வேண்டும். மூன்று தவணை. நானே வந்து சொன்னதால் அபராதம் இல்லை. இரண்டு வருடம் எனக்கு மானியம் கிடையாது. நீ விண்ணப்பித்தால் இந்த வருடத்திலிருந்து உன் பங்கு உனக்கு.

மானம் போகும் என்று எழுதியிருந்தேன். போகத்தான் போனது. நேற்று ஒருவர் ஐந்து கிலோ விதை வாங்கிவிட்டு, “முதலாளி, எடை முழுசா இருக்கா, இல்ல பாதி தங்கச்சிக்கா?” என்றார். நான் தராசிலேயே மறுபடி போட்டுக் காட்டினேன். ஆனால் வாங்கிக்கொண்டுதானே போனார். அதையும் கவனித்துக்கொண்டேன்.

சிவப்பு மையில் எழுதினால் மறுநாள் தராசையும் இரண்டு தடவை காட்ட வேண்டும் என்று நீ சொல்லவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 10

அண்ணா,

நீ பேசி முடித்து உட்கார்ந்த பிறகுதான் நான் எழுந்தேன். மூட்டைக்காரர் பேசியதைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் பேருந்தை விட்டிருப்பேன். வீட்டுக்கு வராததற்குக் காரணம் கோபம் இல்லை. வந்தால் அண்ணி சாப்பிடச் சொல்வாள், சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆகிவிடும். சரியாகவில்லை. சரிசெய்து எழுதிக்கொண்ட பிறகு வருகிறேன்.

அந்தப் பட்டியலைப் பற்றி என்னால் இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. எங்கள் ஆயாவின் கொழுந்தனுக்கு வருடம் மூவாயிரம், அரை ஏக்கர். அதுவும் சுவரில் இருக்கிறது, இப்போது தெருவே அவனிடம் கைமாற்றுக் கேட்கிறதாம். அவனுக்கு அது தேவையா? ஆனால் அந்தச் சுவர் இல்லையென்றால் நான் சாகும்வரை அந்த ஐயாயிரத்துக்கு உனக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்திருப்பேன். அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பு கூசுகிறது.

அரசாங்கப் பணம் அரசாங்கத்துக்குப் போகட்டும். அதில் எனக்குப் பேச்சில்லை. நம் இருவருக்கும் இடையில் இருப்பதைச் சொல்கிறேன்.

நிலத்தை நான் விற்கப் போவதில்லை. நீயே பயிர் செய். என் பங்குக்குக் குத்தகை கொடு. ஏக்கருக்குப் பன்னிரண்டாயிரம். மானியம் என் பெயரில், என் கணக்கில்.

கிணறு, வேலி, வரி எல்லாவற்றிலும் என் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மனுச் செலவு முந்நூற்றைம்பதையும் ஒத்துக்கொள்கிறேன், சிரித்துக்கொண்டே. நான்கு போகத்தில் செலவு போக எவ்வளவு நின்றது என்பதை நீயே எழுது. நான் யாரிடமும் கேட்டுச் சரிபார்க்க மாட்டேன்.

கடைசியாக ஒன்று. நான் கையெழுத்திட்ட ஐயாயிரம் ரசீதை நீ தூக்கிப் போட்டிருக்க மாட்டாய், எனக்கு உன்னைத் தெரியும். அது எனக்கு வேண்டும்.

போன் செய்தால் எடுக்கிறேன். ஏழு மணிக்கு மேல்.

தங்கச்சி


ஏப்ரல் 15

தங்கச்சிக்கு,

நேற்று போனில் ஒரு மணி நேரம் பேசியதை எழுதி வைக்கிறேன். வாய்ப்பேச்சு நமக்கு இனி போதாது.

முதலில் ஒன்று. நான் பத்து என்று தொடங்கியதும் நீ பன்னிரண்டிலேயே நின்று, மூச்சு விடாமல், நான் பேசட்டும் என்று காத்திருந்தாய் பார், அது எனக்கு இருபது வருடம் கழித்து வந்த வித்தை. நீ கடை வைத்திருந்தால் நான் உன்னிடம் மூட்டை தூக்க வந்திருப்பேன். பின்னாலிருந்து மாப்பிள்ளை, “பதினொன்றரைக்கு முடிங்க, எனக்குப் பசிக்குது” என்று சத்தம் போட்டிருக்காவிட்டால் இன்னும் பேசிக்கொண்டிருப்போம்.

நான்கு போகத்தில் நின்றது எழுபதாயிரம். பழைய நோட்டை எடுத்து இரண்டு தடவை கூட்டினேன். முதல் தடவை அறுபத்தாறு என்று வந்தது. தீவனத்துக்கு விற்ற தட்டையை விட்டிருந்தேன். அதையும் சேர்த்தேன்.

ரசீது கல்லாவின் அடியில், அப்பாவின் வரி ரசீதுகளோடு இருந்தது. நீ எழுதிய 118/2க்குப் பக்கத்திலேயே நீ போட்ட கையெழுத்தும். எழுத்து இரண்டும் ஒன்றுபோல இருக்கிறது. இத்துடன் வைத்திருக்கிறேன். பின்பக்கம் ‘ரத்து’ என்று எழுதலாமா என்று யோசித்தேன். ரத்து செய்ய அதில் கடன் ஒன்றும் இருக்கவில்லை. அதனால் ஒன்றும் எழுதவில்லை.

முடிவு செய்தது:

புல எண் 118/2இல் தெற்குப் பாதி, ஒன்றரை ஏக்கர், தங்கச்சியுடையது. மூன்று வருடக் குத்தகை எனக்கு. ஏக்கருக்கு வருடம் பதினோராயிரத்து ஐந்நூறு, ஒன்றரைக்குப் பதினேழாயிரத்து இருநூற்றைம்பது, ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 30க்குள், விதைப்புக்கு முன்னால். மானியம் அவள் பெயரில், அவள் கணக்கில். வரி ஆளுக்குப் பாதி. யார் விற்பதானாலும் மற்றவரிடம் முதலில் கேட்க வேண்டும், கேட்கும்போது தனக்குத் தெரிந்த விலையையும் சாலைச் சேதியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தத் தாளின் நகல் ஒன்று வேளாண்மை அலுவலகத்தில் இருக்கும், யார் கேட்டாலும் காட்டலாம்.

போகத்தில் அவள் பாதி முப்பத்தையாயிரம். கிணறு, வேலி, வரி, மனுச் செலவில் அவள் பங்கு இருபத்தையாயிரத்து நானூறு. நான் தர வேண்டியது ஒன்பதாயிரத்து அறுநூறு. வரைவோலை இத்துடன், முழுத் தொகைக்கும்.

வங்கிக் கமிஷன் அறுபது, என்னுடையது.

அண்ணன்